பணம் போய் விழுந்த வங்கிக்கு ஏன் வலிப்பதில்லை?

இணைய மோசடியில் இந்தியர்கள் 2024-இல் இழந்த பணம் 22,845 கோடி ரூபாய். உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. அதற்கு முந்தைய ஆண்டு 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு! 2024 அக்டோபரில் பிரதமரே ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் டிஜிட்டல் கைது பற்றி, அதாவது போலீஸ் வேடத்தில் வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் மோசடி பற்றி, எச்சரித்தார். பிறகு பல மாதங்கள், யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன் சைபர் மோசடி எச்சரிக்கைதான் கேட்டது. எச்சரிப்பது நல்லதுதான். ஆனால் எச்சரித்தவுடன் தங்கள் கடமை முடிந்தது என்று அரசும் ரிசர்வ் வங்கியும் ஒதுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏமாந்தவர் ஏன் கவனமாக இல்லை என்றே எல்லோரும் கேட்கிறோம். அந்தப் பணம் எந்தக் கணக்கில் போய் விழுந்தது, அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்த வங்கி எது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

மோசடிக்காரர் சொந்தக் கணக்கில் பணம் வாங்கமாட்டார். வாடகைக் கணக்கில்தான் வாங்குவார். போலீஸ் இதை ‘மியூல் அக்கவுண்ட்’ என்கிறது. கல்லூரி மாணவர், கட்டட வேலைக்குப் போகிறவர், கடன் தொல்லையில் இருப்பவர் என்று ஆள் பார்த்து, சில ஆயிரம் ரூபாய் கொடுத்து பாஸ்புக், ஏடிஎம் கார்டு, அந்தக் கணக்கோடு இணைத்த சிம் மூன்றையும் வாங்கிக்கொள்கிறார்கள். பெரிய தொகை என்றால் பெயருக்கு ஒரு கம்பெனியைப் பதிவு செய்து கரண்ட் அக்கவுண்ட் திறக்கிறார்கள். முதல் கணக்கில் விழுந்த பணம் சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரியும். அங்கிருந்து அடுத்த அடுக்கு. கடைசியில் ஏடிஎம்மிலோ காசோலையிலோ ரொக்கமாக வெளியேறும், அல்லது யுஎஸ்டிடி என்ற கிரிப்டோவாக மாறி நாட்டைத் தாண்டிவிடும்.

மாதக்கணக்கில் ஆயிரம் ரூபாய்கூடத் தங்காத ஒரு சேமிப்புக் கணக்கில், ஒரே பிற்பகலில் பல லட்சம் வந்து அரை மணி நேரத்தில் காலியாகிறது என்றால் அதை யார் பார்க்க முடியும்? மதுரையில் எஃப்டியை உடைத்து அனுப்பிய ஓய்வுபெற்ற ஆசிரியராலா, அந்தக் கணக்கை வைத்திருக்கும் வங்கியாலா? வாடகைக் கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையமே ‘மியூல்ஹண்டர்’ என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். கருவி இருந்தும் அக்கறை வராததற்குக் காரணம், பணம் போய் விழுந்த வங்கிக்கு அந்த இழப்பில் பங்கு இல்லை என்பதுதான்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதியைப் பலர் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாமலே, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு இழப்பே இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்கள் ஆகிவிட்டால் உங்கள் பங்கு சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய். புகார் வந்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி தற்காலிகமாகப் பணத்தை வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே. நல்ல விதி. ஆனால் மிரட்டியோ ஏமாற்றியோ உங்கள் கையாலேயே பின் நம்பரைப் போட வைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. டிஜிட்டல் கைது, போலி ஷேர் டிரேடிங், பகுதிநேர வேலை மோசடி எல்லாமே இந்த வகைதான். பெரிய தொகைகள் போகும் இடத்தில் விதி கைவிட்டுவிடுகிறது.

பிரிட்டன் 2024 அக்டோபர் 7 முதல் வேறு மாதிரி செய்கிறது. ஏமாற்றப்பட்டு அவரே அனுப்பிய பணமாக இருந்தாலும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அதில் பாதியை அனுப்பிய வங்கியும் பாதியைப் பணத்தைப் பெற்ற வங்கியும் ஏற்க வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது பாதி. வாடகைக் கணக்கு ஒன்றுக்கு இடம் கொடுத்தால் தன் பணமே போகும் என்றால், எந்த வங்கியும் கணக்கு திறக்கும்போதே கூர்ந்து பார்க்கும். இப்படிச் செய்தால் மக்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்று வங்கித்துறையினர் சொல்வார்கள். அதற்கும் அங்கே வழி வைத்திருக்கிறார்கள்: முதல் 100 பவுண்டு வரை வாடிக்கையாளர் தலையில் கட்டலாம், மிகக் கடுமையான அலட்சியம் என்றால் மறுக்கலாம்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பது நியாயமான கேள்வி. 2020 ஜனவரி முதல் யூபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக்கூடாது. 2025 ஆகஸ்டில் மட்டும் 2,000 கோடி பரிவர்த்தனைகள் நடந்தன. இவ்வளவு பெரிய போக்குவரத்தைச் சும்மா ஓட்டும் வங்கிகளுக்கு ஈடாக, சிறு வணிகர்களுக்கான சிறு தொகைப் பரிவர்த்தனைகளுக்காக 2024-25-க்கு மத்திய அமைச்சரவை ஒதுக்கியது 1,500 கோடி. டீக்கடைக்கும் பூக்கடைக்கும் யூபிஐ இலவசமாகவே இருக்க வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் கோடிக்கணக்கில் விற்பனை செய்யும் பெரிய நிறுவனங்களிடம் சிறு கட்டணம் வாங்கி, அதை இழப்பீட்டு நிதியாக ஒதுக்குவதில் என்ன தடை? கட்டணம் என்ற பேச்சை எடுத்தாலே அரசியல் எதிர்ப்பு வரும் என்று அரசு தயங்குகிறது. அந்தத் தயக்கத்தின் விலையை ஓய்வூதியக்காரர்கள் கட்டுகிறார்கள்.

மோசடிக்காரருக்கு உங்கள் பெயர், முகவரி, பாலிசி விவரம் எல்லாம் எப்படித் தெரிகிறது? கசிந்த தரவுகளால். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் தரவு 2024-இல் டெலிகிராமில் வெளிவந்தது நினைவிருக்கும். இப்படிக் கசிந்தால் நமக்கு என்ன கிடைக்கும்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, தரவைக் காக்கத் தவறிய நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை நீக்க வழி செய்கிறது. அதற்குப் பதில் 250 கோடி வரை அபராதம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அந்த அபராதம் போவது இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கு. தரவைப் பறிகொடுத்தவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. அரசு தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு 17-ஆம் பிரிவின் கீழ் இந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு அளித்துக்கொள்ளலாம். இதை நாடாளுமன்றம் போதிய விவாதம் இல்லாமல் நிறைவேற்றியது பெரும் தவறு என்று நினைக்கிறேன்.

பாதுகாப்பு என்ற பெயரில் வருவதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. 2025 நவம்பர் இறுதியில், ‘சஞ்சார் சாத்தி’ செயலியைப் புதிய போன்கள் எல்லாவற்றிலும் கட்டாயமாக ஏற்றி விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் டிசம்பர் முதல் வாரத்தில் திரும்பப் பெற்றது. எதிர்த்தது சரி. அதே நேரம் அந்தத் தளம் உண்மையிலேயே பயனுள்ளது. செயலி வேண்டாம் என்றால் இணையதளத்திலேயே பார்க்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று அங்கே காட்டும். தெரியாத எண் இருந்தால் ‘என்னுடையது அல்ல’ என்று குறிக்கலாம். போன் தொலைந்தால் அதன் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். மோசடி அழைப்பு வந்தால் ‘சக்ஷு’ பகுதியில் பதியலாம்.

விதி மாறும் வரை நம் கையில் இருப்பது நேரம் மட்டும்தான். பணம் போனது தெரிந்ததும் முதலில் சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் 1930-க்கு அழையுங்கள். யூபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் வரும் 12 இலக்க யூடிஆர் எண், தொகை, நேரம், பணம் போன கணக்கு அல்லது யூபிஐ முகவரி, இவை கையில் இருக்கட்டும். யூடிஆர் எண்ணை வைத்துத்தான் எந்த வங்கிக்குப் போனது என்று கண்டு, அங்கே மிச்சம் இருப்பதை நிறுத்தி வைக்க முடியும். அந்தத் தொகை அடுத்த அடுக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்கும் தகவல் போகும். ஆனால் யாராவது ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை. முதல் ஒரு மணி நேரம் ஏன் முக்கியம் என்றால் இதனால்தான். வீட்டில் சொல்லப் பயந்து மறுநாள் வரை தள்ளிப்போடுபவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து உங்கள் பெற்றோரிடம் இன்றே சொல்லி வையுங்கள்: திட்டமாட்டோம், உடனே சொல்லுங்கள் என்று.

1930-இல் ஒப்புகை எண் தருவார்கள். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழு விவரத்தையும் பதிவு செய்யுங்கள். உங்கள் வங்கிக்குத் தனியாக மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் மட்டும் சொன்னால் பிறகு தேதியை நிரூபிப்பது கஷ்டம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விளக்கம் கேட்க 14448.

கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராத சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (போனில் செயலியை நிறுவும் கோப்பு) தொட்டு நிறுவிவிட்டால், அது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு ஓடிபியை வெளியே அனுப்பும். அப்போது முதல் வேலை போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையையும் அணைப்பது. வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930-க்கும் பேசுங்கள். பார்சல் பையன் என்று சொல்லி *401* போட்டு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னால் அது உங்கள் அழைப்புகளை அவர்களுக்குத் திருப்பிவிடும் வேலை. அழுத்திவிட்டிருந்தால் ##002# போடுங்கள். எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும்.

வீடியோ காலில் கைது என்ற ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவின்படி விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. பிறகு டிசம்பரில் இந்த மோசடிகளை விசாரிக்க சிபிஐக்கே உத்தரவிட்டது.

ஜிபே, போன்பேயில் சம்பளக் கணக்கையோ ஓய்வூதியக் கணக்கையோ இணைக்காமல், மாதச் செலவுக்கு மட்டும் பணம் வைத்திருக்கும் ஒரு தனிக் கணக்கை இணையுங்கள். நெட் பேங்கிங்கில் தினசரி வரம்பைக் குறையுங்கள். பெரியவர்களின் எஃப்டியை ஆன்லைனில் முன்கூட்டியே உடைக்க முடியாதபடி வைக்க முடியுமா என்று கிளையில் எழுதிக் கேளுங்கள். ஆதாரில் கைரேகைப் பூட்டு போடுங்கள். ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறையில் கைரேகை மட்டும் போதும், ஓடிபி கேட்காது, பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து ரேகையை நகலெடுத்த வழக்குகள் இருக்கின்றன. என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் அனுப்பும்போது கணக்கு எண்ணை வைத்து மட்டுமே பணம் போகும், நீங்கள் எழுதும் பெயரை வங்கி ஒப்பிட்டுப் பார்க்காது. 2025 ஏப்ரல் முதல், அனுப்பும் முன் கணக்குதாரர் பெயரைக் காட்டும் வசதி வந்திருக்கிறது. அதைப் பாருங்கள். ஷேர் புரோக்கர் என்று சொல்பவரின் யூபிஐ முகவரியில் ‘வேலிட்’ என்ற சொல்லும் வங்கிப் பெயரும் இல்லாவிட்டால் பணம் அனுப்பாதீர்கள்.

இதில் இன்னொரு பக்கமும் பாதிக்கப்படுகிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. திருடிய பணத்தில் 300 ரூபாயை யாரோ ஒருவர் காய்கறிக் கடையில் ஸ்கேன் செய்து செலவழித்தால், கடைக்காரரின் முழுக் கணக்கும் வேறு மாநிலப் போலீஸின் கடிதத்தால் முடங்குகிறது. அப்படி ஆனால் வங்கியிடம் புகாரின் ஒப்புகை எண், காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்து மீதியை விடுவிக்கும்படி வங்கிக்கும் அந்தக் காவல் நிலையத்துக்கும் பில், விற்பனைப் பதிவோடு மனு கொடுங்கள். 300 ரூபாய்க்காக மொத்த வியாபாரத்தையும் நிறுத்துவது சரியான நடைமுறை அல்ல. இதில் பல உயர் நீதிமன்றங்கள் தலையிட்டிருக்கின்றன.

கணக்கை வாடகைக்கு விடும் இளைஞரையும், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடி மோசடி முகாமில் சிக்குபவரையும் தள்ளுவது ஒரே வேலையின்மைதான். 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டு வந்தார்கள். சுற்றுலா விசாவில் வேலை என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பாருங்கள்.

உங்கள் தொகுதி எம்.பி.யிடம் ஒன்றே ஒன்றை எழுதிக் கேளுங்கள்: மோசடிப் பணம் போய் விழுந்த முதல் கணக்குகள் எந்தெந்த வங்கியில் எத்தனை, அவற்றில் எவ்வளவு நிறுத்தப்பட்டது, எவ்வளவு உரியவருக்குத் திரும்பியது என்று வங்கிவாரியாக, ஆண்டுதோறும் வெளியிட அரசு தயாரா? அந்தப் பட்டியல் வந்தால், யார் இழப்பில் பங்கேற்க வேண்டும் என்ற விவாதத்தை எந்த வங்கியாலும் தள்ளிப்போட முடியாது.