எப்போது மேலே ஏற்றுவீர்கள் என்று கேட்கும் தம்பிகளுக்கு

புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள், "அண்ணா, என்னை எப்போ மரத்து மேலே ஏத்துவீங்க?" நேற்றும் ஒரு தம்பி கேட்டான். ஆசை புரிகிறது, நானும் அப்படிக் கேட்டவன்தான். கயிற்றில் தொங்கியபடி உச்சிக்கொம்பில் செயின்சாவோடு (சங்கிலி ரம்பத்தோடு) நிற்பவரைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் ட்ரீ சர்ஜனாக, அதாவது மரம் ஏறிக் கிளை வெட்டிப் பராமரிப்பவனாக, வேலை பார்த்தபின் எனக்கு உறுதியாகத் தோன்றுவதைச் சொல்கிறேன். வளர்ச்சியை உயரத்தை வைத்து அளக்கிற பழக்கம்தான் இந்தத் தொழிலில் திறமையான பலரை நாற்பது வயதில் போக்கிடமில்லாமல் நிறுத்துகிறது.

என்னை முதலில் வேலைக்கு எடுத்தவர் மூன்றாவது வாரமே மேலே அனுப்பினார். பெருமையாக இருந்தது. ஒரே ஒரு கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தேன். மரத்தின் மேல் செயின்சாவைக் கையில் எடுக்கிறோம் என்றால் இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும். ஒன்று அறுந்தால் இன்னொன்று தாங்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ரம்பத்தின் சங்கிலி என் கயிற்றின் மேல்உறையைக் கிழித்துவிட்டுப் போனது. அதைவிட இன்றும் என்னை உறுத்துவது வேறு. அன்று கீழே நின்ற இரண்டு பேருக்கும் மரம் ஏறத் தெரியாது. எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவர்களால் எதுவும் செய்திருக்க முடியாது.

அதனால்தான் தரைவேலையை எடுபிடி வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வெட்டிய கிளையைக் கயிற்றில் இறக்கும்போது கீழே கயிறு பிடிப்பவன் விட்டுப் பிடிக்க வேண்டும். சடாரென்று நிறுத்தினால் கிளையின் எடையைப் போலப் பல மடங்கு இழுப்பு மேலே கப்பி கட்டிய இடத்தில் போய் விழும். பெரும்பாலும் ஏறியவனும் அதே மரத்தண்டில்தான் கட்டியிருப்பான். மரம் ஆடுகிற ஆட்டத்தில் கையில் இருக்கும் ரம்பம் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். கிளைகளைச் சில்லுகளாக அரைக்கும் சிப்பர் மெஷினில் கிளையை அடிப்பக்கமாகக் கொடுத்ததும் பக்கவாட்டில் விலகிவிட வேண்டும், சிக்கிய சுள்ளியைக் கையால் தள்ளப் போகவே கூடாது. கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கக் கூடாது. மேலே இருப்பவன் குரல் கொடுத்து, இவன் பதில் குரல் கொடுத்த பிறகுதான் வெட்டு விழ வேண்டும். இதையெல்லாம் உடம்பில் ஊறவைக்க ஒரு வருடமாவது ஆகும். அப்புறம், மேலே அடிபட்டவனை இறக்குவதும் தரையில் நிற்பவனின் வேலைதான். மயங்கிய நிலையில் ஹார்னஸில், அதாவது இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வாரில், தொங்குகிறவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. மீட்பு வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது. மீட்புக்கான இரண்டாவது ஹார்னஸும் கயிறும் மரத்தடியில் பிரித்து வைத்திருக்க வேண்டும். பல இடங்களில் அவை வண்டிக்குள் பூட்டிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செயின்சாவின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதுக்கவசம் இருந்தால் அதைச் சமாளிக்கலாம். அதிர்வுதான் சத்தமில்லாமல் ஆளைத் தின்கிறது. வருடக்கணக்கில் அது கைக்குள் ஏறினால் குளிர்ந்த காலைகளில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும். நரம்பு கெட்டுவிட்டால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. எனக்குக் கயிறு கட்டக் கற்றுக்கொடுத்தவர் இப்போது சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறார். அவர் அளவுக்கு அழகாக மரம் ஏறிய ஆளை நான் பார்த்ததில்லை. ஏறுவதைத் தவிர வேறு எதையும் கற்றுக்கொள்ள அவருக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

அப்படியென்றால் வேறு எதைக் கற்பது? முதலில் மரத்தை.

நம் உடம்பில் காயம் பட்டால் புதுச் சதை வளர்ந்து ஆறும். மரத்தில் அது நடக்காது. காயம்பட்ட இடத்தைச் சுற்றி மரம் தனக்குள்ளேயே சுவர் எழுப்பிக்கொள்ளும், அழுகல் பரவாமல் அடைத்துவிட்டுப் புது வளையத்தை வெளியே வளர்க்கும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். 1977இல் அதை ஒரு முழு விளக்கமாகவே வெளியிட்டார். அதற்கு முன்பு கிளையைத் தண்டோடு ஒட்டச் சீவி, மேலே தார் போன்ற பூச்சு பூசுவதுதான் நல்ல வேலை என்று நம்பினார்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப்பட்டை போல ஒரு வீக்கம் இருக்கிறதே, மரத்தின் காவலே அங்கேதான். அதை விட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். பெரிய கிளையென்றால் முதலில் சற்றுத் தள்ளி அடியில் ஒரு வெட்டு, பிறகு அதற்கும் வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, பாரம் போனபின் கழுத்தருகே கடைசி வெட்டு. இல்லாவிட்டால் கிளை விழும்போது தண்டின் பட்டையை உரித்துக்கொண்டே போகும். பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் தெரிந்துவிட்டது. இன்னும் பூசச் சொல்லிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தெரிந்தும் நான் செய்த ஒரு தவறு உண்டு. வீட்டுக்காரர் கேட்டார் என்பதற்காக ஒரு பெரிய மரத்தின் தலையை மொட்டையடித்தேன். நல்ல கூலி. நான்கு வருடம் கழித்து அதே மரத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். வெட்டிய ஒவ்வொரு முனையிலும் கொத்துக் கொத்தாகத் துளிர் எழும்பி, பழைய உயரத்துக்கே வந்திருந்தது. மரத்தோடு ஆழமாகப் பிணையாமல் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருந்த கிளைகள் அவை. அவற்றுக்கு அடியில் வெட்டுமுனை அழுகியிருந்தது. ஒரு கிளை பிய்ந்து வாசலில் கிடந்தது. யார் மேலும் விழவில்லை. அன்றிலிருந்து மொட்டையடிக்கும் வேலையை நான் எடுப்பதில்லை. முடிந்தவரை விளக்கிச் சொல்கிறேன், கேட்காதவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

இப்படி மறுக்கிற தைரியம் படிப்பால்தான் எனக்கு வந்தது. 1924இல் தொடங்கப்பட்ட சர்வதேச மரவளர்ப்புச் சங்கம் நடத்தும் சான்றிதழ் தேர்வை எழுத மூன்று வருட வேலை அனுபவமோ, அதற்கு ஈடான படிப்பும் அனுபவமும் சேர்ந்தோ வேண்டும். எழுதிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குள் தொடர்ந்து ஏதாவது படித்துக்கொண்டே இருக்க வேண்டும். பகல் முழுக்க மரம் ஏறிவிட்டு இரவில் மண், வேர், பூஞ்சை என்று படிப்பது சுலபமில்லை. ஆனால் அதன்பிறகுதான் எனக்குப் பல கதவுகள் இருப்பது தெரிந்தது. மரங்களின் ஆபத்தை மதிப்பிட்டு அறிக்கை எழுதலாம். நகராட்சி மரங்களுக்குப் பொறுப்பாளராகலாம். கட்டடம் எழும்பும் இடத்தில் வேரைக் காப்பாற்ற ஆலோசனை சொல்லலாம், பயிற்சி கொடுக்கலாம், சொந்தமாகக் குழு வைக்கலாம். இவை எதற்கும் நாற்பது அடி ஏறத் தேவையில்லை. ஆனால் ஏறியவன் எழுதும் அறிக்கைக்கு ஒரு தனி எடை உண்டு என்று நான் நம்புகிறேன்.

முதலாளிகளிடம் ஒன்று கேட்கிறேன். மீட்புப் பயிற்சியையும் தேர்வுக்கான படிப்பையும் சம்பளத்தோடு வேலை நேரத்திலேயே கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சொந்தச் செலவில் படித்துக்கொள் என்றால், களைத்துப்போன உடம்பு எத்தனை நாள் படிக்கும்? பயிற்சி கொடுத்தால் வேறு இடத்துக்குப் போய்விடுவான் என்கிறீர்கள். போகட்டும். பயிற்சியில்லாதவன் உங்களிடமே இருந்து உங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு பெரிய பீச் (beech) மரம். உச்சிவரை பச்சை, இலையில் ஒரு குறையும் இல்லை. நான் ஹார்னஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாகத் தரையில் மட்டுமே வேலை பார்க்கும் எங்கள் பையன் தூரைச் சுற்றி வந்து, வேர்கள் பிரியும் மடிப்பில் குனிந்து பார்த்தான். "அண்ணா, இங்கே கரி பூசின மாதிரி கருப்பா ஏதோ ஓடு கட்டியிருக்கு" என்றான். அடிமரத்தை உள்ளே அரித்து, கண்ணாடி போலச் சட்டென்று உடையவைக்கும் பூஞ்சை அது. மேலே இலை பச்சையாகவே இருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தோம், சத்தம் சரியில்லை.

நான் ஹார்னஸைக் கழற்றினேன். மறுநாள் ஆளைக் கூடையில் வைத்து மேலே தூக்கும் பூம் லிஃப்ட் வரவழைத்து, மரத்தில் ஒரு கயிறும் கட்டாமல், மேலிருந்து துண்டு துண்டாக இறக்கினோம். கூடையில் என்னோடு ஏறியது அந்தப் பையன்தான்.