பருவதமலையும் நாலு கிலோ பையும்

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய கேமராப் பையைத் தெருமுனை மளிகைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் எடை போட்டேன். டி.எஸ்.எல்.ஆர் பாடி (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா, லென்ஸ் இல்லாமல்), அதோடு வந்த ஜூம், தூரத்துக்கு ஒரு டெலி லென்ஸ், ஃபிளாஷ், சார்ஜர், இரண்டு பேட்டரி, பையின் எடையும் சேர்த்து 4 கிலோ 150 கிராம். அண்ணாச்சி தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதைத் தூக்கிட்டா மலை ஏறுனீங்க?" என்று கேட்டார்.

ஆமாம், ஏறினேன். பருவதமலை.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில். கீழேயிருந்து படிக்கட்டு, அப்புறம் கல்லும் வேருமாகக் காட்டுப்பாதை, எல்லாம் தாண்டி மேலே போனால் கடப்பாறைப் படி வரும். செங்குத்தான பாறையில் கடப்பாறைகளை அடித்து இறக்கி, பிடித்துக்கொள்ளச் சங்கிலி போட்டிருப்பார்கள். அங்கே இரண்டு கையும் சங்கிலிக்கு வேண்டும். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறினால் ஒவ்வொரு அடிக்கும் அது ஊஞ்சலாடிப் பாறையில் போய் இடிக்கும். இரண்டு முறை இடித்ததும் பயந்துபோய் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன்.

எனக்கு முன்னால் ஒரு பாட்டி ஏறிக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. சேலையைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தார், செருப்பு இல்லை. அவருடைய பாதம் சரியாக என் கண் உயரத்தில், இரண்டடி தூரத்தில் இருந்தது. கால் விரல்கள் கடப்பாறையைக் கைவிரல் மாதிரி வளைத்துப் பிடித்திருந்தன. பித்தவெடிப்பு ஓடிய குதிகால், அதில் ஒட்டியிருந்த செம்மண், பலபேர் மிதித்து மிதித்துப் பளபளத்த இரும்பு. அப்போதுதான் மலைக்குப் பின்னாலிருந்து முதல் வெயில் பக்கவாட்டில் வந்து அந்தக் குதிகாலில் விழுந்தது. நாலைந்து வினாடி அப்படியே நின்றார், மூச்சு வாங்குவதற்காக. கேமரா என் முதுகில் இருந்தது. பின்னால் பத்து இருபது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டி அடுத்த காலை எடுத்து வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு உச்சியிலிருந்து நான் எடுத்த மேகப் படங்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. எடுக்காத அந்தப் பாதம் மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதை எழுத வைத்தது ஒரு தம்பியின் மெசேஜ். "அண்ணே, செப்டம்பர்ல ஸ்பிதி போறோம், பத்து நாள். வெயிட் கம்மியா ஒரு ஃபுல் ஃபிரேம் சொல்லுங்க." ஸ்பிதி இமாச்சலப் பிரதேசத்து மலைப் பள்ளத்தாக்கு. ஃபுல் ஃபிரேம் என்றால் பெரிய சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, உள்ள கேமரா. கேள்வியிலேயே பாதி பதிலை முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறான். வெயிட் குறைவாக வேண்டும், ஆனால் சென்சார் பெரிதாக வேண்டும். தம்பி, உனக்கு இன்பாக்ஸில் பதில் போடுவதற்குப் பதிலாக இங்கேயே எழுதுகிறேன். உன்னை மாதிரி நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பணத்தைக் கொட்டிவிட்டு, நாலாவது நாள் கேமராவை லாட்ஜ் அறையில் வைத்துவிட்டுப் போனோடு வெளியே கிளம்புகிறார்கள்.

முதலில் கணக்கு. விளம்பரத்தில் எழுதியிருக்கும் எடை பாடியின் எடை. பாடியை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு யாரும் ஊர் சுற்றுவதில்லை. நிக்கான் டி7200 என்று ஒரு டி.எஸ்.எல்.ஆர், அந்தக் காலத்தில் நம்மில் பலர் வைத்திருந்தது. பேட்டரியோடு 765 கிராம். அதன் 18-140 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் 490 கிராம். மொத்தம் 1,255. இப்போது சோனி ஏ7சியை எடுத்துக்கொள். 2020-இல் வந்தது, ஃபுல் ஃபிரேம், வெறும் 509 கிராம். படித்ததும் யாருக்கும் ஆசை வரும். அதில் பயணத்துக்கென்று எல்லோரும் மாட்டும் 24-105 எஃப்/4 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் ஒளி கூடும்) 663 கிராம். கூட்டிப் பார், 1,172. உள்ளே கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) புதுத் தலைமுறை கேமராவுக்கு மாறி, லட்சக்கணக்கில் செலவு செய்து, நீ குறைத்த எடை 83 கிராம்.

சோனி செய்த தப்பு இல்லை இது. நல்ல கேமரா அது. ஒளியியல் அப்படி. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், மூலைக்கு மூலை அளந்தால் 43 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய வட்டத்துக்கு ஓரம் வரை தெளிவாக ஒளியைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்றால் லென்ஸுக்குள் கண்ணாடிகள் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். டி.எஸ்.எல்.ஆருக்குள் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடியையும் பிரிஸத்தையும் எடுத்துவிடலாம், பாடி இளைக்கும். லென்ஸுக்குள் இருப்பதை எடுக்க முடியாது. அடுத்த சிறிய அளவான ஏ.பி.எஸ்-சி சென்சாருக்கு மூலைவிட்டம் 28 மில்லிமீட்டர், அதைவிடச் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 21.6. அங்கேதான் லென்ஸ் நிஜமாக இளைக்கிறது. ஆகவே கேமராவைத் தேர்ந்தெடுத்துவிட்டு லென்ஸ் தேடாதே. எந்த லென்ஸோடு நடக்கப் போகிறாய் என்பதை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற பாடியைப் பார்.

"ஃபுல் ஃபிரேம் இல்லேன்னா குவாலிட்டி போயிடுமே அண்ணே" என்பாய். ஏ.பி.எஸ்-சியை விட ஃபுல் ஃபிரேம் பரப்பில் சுமார் இரண்டே கால் மடங்கு பெரிது. இருட்டில் அது ஒரு ஸ்டாப்பும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) கொஞ்சமும் லாபம். ஐ.எஸ்.ஓ (ஒளி குறைந்தால் ஏற்றுவது, ஏற்றினால் படத்தில் புள்ளி தட்டும்) 3200-இல் எடுப்பதை அங்கே ஏறக்குறைய 1600-இன் சுத்தத்தோடு எடுக்கலாம், அவ்வளவுதான். 24 மெகாபிக்சல் படத்தை 300 டி.பி.ஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) பிரிண்ட் போட்டால் 20 அங்குல அகலம் வரும். என் வீட்டு ஹாலில் அந்த அளவில் ஒன்று தொங்குகிறது. வந்தவர்கள் யாரும் சென்சார் என்ன அளவு என்று கேட்டதில்லை, எந்த ஊர் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

இந்தப் பெரிது சிறிது என்ற பேச்சே காலத்துக்குக் காலம் மாறுவது. ஜெர்மனியில் வெட்ஸ்லார் ஊரில், லைட்ஸ் கம்பெனியில் ஆஸ்கர் பார்னாக் என்று ஒருவர் வேலை பார்த்தார். ஆஸ்துமாக்காரர். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக் கேமராவையும் அதன் மூட்டை முடிச்சையும் சுமந்துகொண்டு மேடு ஏறினால் அவருக்கு மூச்சு இழுக்கும். சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் பிலிமைப் படுக்கவாட்டில் ஓடவிட்டு, 24-க்கு 36 மில்லிமீட்டர் கட்டம் போட்டு, கைக்குள் அடங்கும் ஒரு கேமராவைச் செய்தார். 1925-இல் லைப்ஸிக் சந்தையில் அது லைக்கா என்ற பெயரில் வெளியே வந்தது. தகட்டுக் கேமராக்காரர்களுக்கு அந்த 24-க்கு 36 விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்திருக்கும். இன்றைக்கு நாம் ஃபுல் ஃபிரேம் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, அதற்குக் குறைந்தால் படமே வராது என்று நம்புகிறோமே, அது அதே கட்டம்தான். மூச்சு வாங்கிய ஒரு மனிதர் சுமையைக் குறைக்கக் கண்டுபிடித்த அளவு.

அந்த லைக்காவை வாழ்நாள் முழுக்கக் கையோடு வைத்திருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணருடைய கடைசி நாட்கள். அப்போது அவர் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டே வேலை செய்தவர் அவர். ரமணாசிரமத்தைத் தாண்டிக் கிரிவலம் போகும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

இப்போது நான் வைத்திருப்பது ஃபுஜிஃபிலிம் எக்ஸ்-டி30, ஏ.பி.எஸ்-சி சென்சார். 383 கிராம். அதோடு 27 எம்எம் பான்கேக் (தட்டையான) லென்ஸ், 78 கிராம். ராத்திரிக்கு 35 எம்எம் எஃப்/2, 170 கிராம். எல்லாம் சேர்த்து 631. இதே 26 மெகாபிக்சல் சென்சாரை வைத்து எக்ஸ்-டி3 என்று 539 கிராமில் ஒரு அண்ணன் இருக்கிறது. அதில் மழைத் தடுப்பு உண்டு, இரண்டு கார்டு போடலாம். எனக்கு மழை வந்தால் பிளாஸ்டிக் கவர் போதும் என்று சின்னதையே எடுத்தேன். ஃபுஜிதான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. கேனான் ஆர்50-யும் அதன் 18-45 லென்ஸும் சேர்ந்து 505 கிராம். சோனி ஏ6400-உம் 16-50-யும் 519. ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 4-உம் அதன் 14-42 பான்கேக்கும் 476. இந்த மூன்றில் எதை எடுத்தாலும் நீ தப்பு செய்யமாட்டாய். உன் ஊரில் எதற்குச் சர்வீஸ் கிடைக்கிறது என்று விசாரித்துக்கொள்.

கிரிவலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 14 கிலோமீட்டர், பௌர்ணமி ராத்திரி, வெறுங்கால். பழைய கேமராவோடு போன காலத்தில் கற்பூரம் விற்கிற அக்காவைப் படம் எடுக்கலாமா என்று கேட்டால், "எந்த டிவி?" என்பார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பார். அது அவருடைய முகமே இல்லை. போன மாசி பௌர்ணமிக்கு நிருதி லிங்கம் பக்கத்தில் இந்தச் சின்னக் கேமராவோடு ஒரு அக்காவிடம் கேட்டேன். "எடுத்துக்கோ, எனக்கு வியாபாரம் கெடாம எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுச் சில்லறையை எண்ணப் போய்விட்டார். எஃப்/2, 125-இல் ஒரு பங்கு வினாடி, ஐ.எஸ்.ஓ 3200. தட்டில் எரிகிற கற்பூரத்தின் வெளிச்சம் மட்டும் கீழேயிருந்து முகத்தில். எண்ணி முடித்துவிட்டு, "எங்க காட்டு" என்று கேமராவை வாங்கிப் பார்த்தார். "எங்கம்மா மாதிரியே இருக்கேன்" என்றார். எடை குறைந்ததில் எனக்குக் கிடைத்தது தோள்வலி நிவாரணம் மட்டும் இல்லை. எதிரில் இருப்பவர் மேலிருந்தும் ஒரு பாரம் இறங்கிவிடுகிறது.

இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் ரிக்கோ ஜிஆர் 3 இருக்கிறது. 257 கிராம், சட்டைப் பையில் போகும், உள்ளே அதே ஏ.பி.எஸ்-சி சென்சார். லென்ஸ் கழற்ற முடியாது, 28 எம்எம் (அகலமான) பார்வை ஒன்றுதான். எஃப்/8-இல் வைத்து இரண்டு மீட்டருக்கு ஃபோகஸை நிறுத்திவிட்டால் ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும், ஃபோகஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். கடப்பாறைப் படியில் ஒற்றைக் கையால் எடுக்கக்கூடிய கேமரா அதுதான். ஆனால் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) கிடையாது. நண்பகல் வெயிலில் திரையைப் பார்க்கக் கையால் நிழல் கட்ட வேண்டியிருக்கும். பேட்டரி சுமார் 200 படங்களுக்கு வரும். ஸ்பிதிக் குளிரில் அதுவும் குறையும், கூடுதல் பேட்டரிகளை உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வைத்துக்கொள். விமானத்தில் அவற்றைக் கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

போனே போதாதா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பகல் வெளிச்சத்தில், அகலமான காட்சிக்கு, போன் போதும். ராத்திரியில் அசைகிற முகத்துக்கும், தூரத்துக்கும் போதாது. பறவைக்காக வேடந்தாங்கல் போகிறவர்களுக்கு இந்தப் பதிவே பொருந்தாது. அவர்களுக்கு நீளமான லென்ஸ் வேண்டும், சுமக்கத்தான் வேண்டும். அங்கேயும்கூட ஒலிம்பஸின் 75-300 லென்ஸ் 423 கிராமில், சென்சார் சின்னது என்பதால் ஃபுல் ஃபிரேம் கணக்குக்கு 600 எம்எம் வரை போகிறது. காலை வெளிச்சம் நன்றாக இருக்கும் நாளில் அது காப்பாற்றும், மேகமூட்டத்தில் திணறும்.

பழையது வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகப் பார். சிலந்தி வலை மாதிரி வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் பூஞ்சை. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் பீரோவிலேயே கிடந்த லென்ஸ்களுக்கு இது சகஜம், வாங்காதே. அடுத்து, எஃப்/16-இல் வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார். கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸ் கழலும் கேமராவில் அதைத் துடைத்துவிடலாம். லென்ஸ் பிரியாத கேமராவில் பிரித்து வேலை பார்க்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசு.

கடைசியாக ஒன்று செய் தம்பி. ஸ்பிதியில் இருக்கும் காசா ஊர் 3,600 மீட்டருக்கு மேல். ஊட்டியைவிட எவ்வளவோ உயரம். அங்கே சும்மா நடந்தாலே இரைக்கும். இந்த வாரம் ஒரு நாள், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை இரு. பஸ் ஏறு, டீ குடி, மாடிப்படி ஏறி இறங்கு. நீ ஆசைப்படுகிற ஃபுல் ஃபிரேமும் அந்த ஜூமும் அந்தத் தண்ணீரைவிட 172 கிராம் கூடுதல். அதற்கப்புறமும் அதுதான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்கு, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். வேண்டாம் என்று தோன்றினால் வீட்டுக்கு வா. என் எக்ஸ்-டி30-ஐ இரண்டு லென்ஸோடு ஒரு வாரம் வைத்துக்கொள். கார்டு மட்டும் உன்னுடையதைக் கொண்டு வா, என்னுடையதில் அந்தக் கற்பூர அக்கா இருக்கிறார், இன்னும் காப்பி எடுக்கவில்லை.