டிவி மலிவாகக் கிடைப்பதன் கணக்கு

ஸ்மார்ட் டிவி வாங்கும்போது இஞ்ச், 4கே, எத்தனை எச்டிஎம்ஐ என்று துருவித் துருவிக் கேட்கிறோம். வீட்டுக்கு வந்ததும் 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' பட்டனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிடுகிறோம். கம்பெனியின் அடுத்த வியாபாரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தப் பட்டனுக்குள் இருப்பவற்றில் ஒன்று ஏசிஆர். திரையில் ஓடுவதிலிருந்து துணுக்குகளை எடுத்து, கைரேகை மாதிரி சுருக்கி, சர்வரில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, நீங்கள் பார்ப்பது எந்த நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்கும் ஏற்பாடு. "நான் செட்டாப் பாக்ஸில்தானே பார்க்கிறேன்" என்பவர்கள் கவனிக்க: 2024-ல் சாம்சங், எல்ஜி டிவிகளை வைத்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் செய்த ஆய்வில், எச்டிஎம்ஐ வழியாக வருவதையும் டிவி கவனித்தது தெரிந்தது. லேப்டாப்பை மாட்டி டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தினாலும் அதே கதைதான்.

அமெரிக்காவில் விசியோ கம்பெனி 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் இப்படிச் சேகரித்து வெளியே விற்று, அரசு தொடுத்த வழக்கை முடிக்க 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டியது. டிவி விற்பதில் லாபம் 6 சதவீதம் அளவுதான், விற்ற பிறகுதான் காசு பார்க்கிறோம் என்று 2019-ல் அதன் தொழில்நுட்பத் தலைவரே பேட்டியில் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

அணைக்கும் வழி இருக்கிறது, புதைத்து வைத்திருக்கிறார்கள். சாம்சங்கில் செட்டிங்ஸ் போய், பிரைவசி பகுதியில் 'வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்' டிக்கை எடுங்கள். எல்ஜியில் ஜெனரல், சிஸ்டம், அடிஷனல் செட்டிங்ஸ் எனத் தோண்டினால் 'லைவ் பிளஸ்' கிடைக்கும்; அதை ஆஃப் செய்யுங்கள். சோனியில் 'சம்பா இன்டராக்டிவ் டிவி' இருந்தால் அதை டிசேபிள் செய்யுங்கள். மாடலுக்கு மாடல் பெயரும் இடமும் கொஞ்சம் மாறும். கூகுள் டிவி என்றால் பிரைவசியில் 'ஆட்ஸ்' பக்கம் போய் விளம்பர ஐடியையும் அழித்துவிடலாம்.

டிவிக்கு வைஃபையே கொடுக்காமல், எச்டிஎம்ஐயில் செருகி ஓடிடி பார்க்கும் ஸ்டிக் மாட்டிக்கொள்ளலாம் என்று பலர் சொல்கிறார்கள். டிவி கம்பெனிக்குத் தகவல் போகாது, சரி. ஆனால் ஸ்டிக் விற்பவனுக்கும் விளம்பரம்தானே பிழைப்பு? அதன் பிரைவசி மெனுவையும் ஒரு கை பார்க்க வேண்டியதுதான்.

எனக்கு எரிச்சல் தருவது வேறு. ஏசிஆரை அணைத்தால் படத்தின் தரம் குறையாது, ஓடிடி ஆப் எதுவும் நிற்காது. அப்படியிருக்க, வேண்டுபவர் போட்டுக்கொள்ளட்டும் என்று ஆஃபில் வைத்து விற்றால் என்ன? போட மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

டிவி சாஃப்ட்வேர் அப்டேட் ஆனாலோ, ஃபேக்டரி ரீசெட் செய்தாலோ இதையெல்லாம் மறுபடி சரிபாருங்கள். ரீசெட்டுக்குப் பிறகு அந்த 'ஏற்கிறேன்' பக்கம் திரும்ப வரும். அதில் பயன்பாட்டு விதிமுறைக்கு மட்டும் டிக் போட்டால் பெரும்பாலும் போதும்.