எஸ்கேபி எடுத்ததும் எல்லாம் பூஜ்யமாகிவிடுமா?

லினக்ஸ் கெர்னலில் நெட்வொர்க் பாக்கெட்டுக்கு மெமரி ஒதுக்கும் 'அலாக் எஸ்கேபி' ஃபங்ஷனை அழைத்தாலே பாக்கெட் பஃபர் முழுக்கப் பூஜ்யமாகிவிடும், எனவே டிரைவரை ரீஃபேக்டர் செய்யும்போது மெமரியைப் பூஜ்யத்தால் நிரப்பும் மெம்செட் வரிகளைத் தூக்கிவிடலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. அப்படி இல்லைங்க. பூஜ்யமாவது பாக்கெட்டைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் எஸ்கேபி ஸ்ட்ரக்சர்தான், அதுவும் 'டெய்ல்' ஃபீல்டுக்கு முன்பு வரை மட்டும். டேட்டா பகுதியில் பழைய மெமரியின் மிச்சம் அப்படியே கிடக்கலாம். மெம்செட்டை எடுத்தால் அந்த மிச்சம் கம்பி வழியே வெளியே போய்விடலாம்.

நீங்களே பார்க்கலாம்: நெட், கோர் அடைவில் உள்ள எஸ்கேபஃப் சி கோப்பில் 'ஆஃப்செட்ஆஃப்' என்று தேடுங்கள். மெம்செட் டெய்லுக்கு முன்பே நிற்பது தெரியும். அப்புறம், டேட்டா பகுதியில் சேர்க்கும் இடத்தைப் பூஜ்யமாக்க எஸ்கேபி புட் ஜீரோ என்று தனியாக ஒரு ஃபங்ஷன் இருக்கிறதே, அது எதற்காம்? உங்கள் கணினியில் பூஜ்யமாகவே வந்தால், மெமரியை ஒதுக்கும்போதே பூஜ்யமாக்கும் 'இனிட் ஆன் அலாக்' என்ற கெர்னல் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள்.