பேசுங்கள், ஆனால் டேக் செய்யாதீர்கள்

பிரபலங்களைப் பற்றி வம்பு பேசுவதே பாவம் என்று சொல்கிற கட்சி இல்லை நான். நாலு பேர் கூடினால் யார் நடிப்பு சொதப்பல், யாருக்கும் யாருக்கும் சண்டை, யார் மேடையில் உளறினார் என்று பேச்சு வரத்தான் செய்யும். பொதுவெளியில் இருக்கிறவர்களை விமர்சிக்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது. எனக்குப் பிரச்சினை, அந்தப் பேச்சை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்பதில்தான்.

முன்பெல்லாம் ஒரு நடிகையை நாம் எவ்வளவு திட்டினாலும் அது அவர் காதுக்குப் போகாது. பேசினோம், சிரித்தோம், அவரவர் வீட்டுக்குப் போனோம். இன்று அதே பேச்சை அவர் பெயரை டேக் செய்து, அவர் போட்ட போட்டோவுக்குக் கீழேயே போய்ப் பேசுகிறோம். எழுதும்போது நம் மனதில் இருப்பது நம் நண்பர்கள்தான். அவர்கள் பார்ப்பார்கள், ரெண்டு ஹாஹா விழும், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் எழுதியது போய் விழும் இடம் அந்த மனிதரின் கையில் இருக்கும் போன்.

ஜப்பானில் ஹனா கிமுரா என்ற இளம் மல்யுத்த வீராங்கனை இருந்தார். ‘டெரஸ் ஹவுஸ்’ என்ற ரியாலிட்டி நிகழ்ச்சியில், முன்பின் தெரியாத ஆறு பேர் தங்கும் வீட்டில் ஒருவராக இருந்தார். ஒருநாள் தன் மல்யுத்த உடையை வாஷிங் மெஷினிலேயே மறந்து விட்டுவிடுகிறார். கூட இருந்த பையன் கவனிக்காமல் அதையும் சேர்த்துத் துவைத்துக் காயவைத்ததில் உடை சுருங்கிப் பாழாகிவிடுகிறது. அவருக்கு அது உயிருக்குச் சமமான உடை. கோபத்தில் அந்தப் பையனின் தொப்பியைத் தட்டிவிடுகிறார். நடந்தது இவ்வளவுதான். எந்த வீட்டிலும் மாலைக்குள் மறந்துபோகிற சண்டை.

அந்தக் காட்சி 2020 மார்ச் கடைசியில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது, மே மாதம் தொலைக்காட்சியிலும் வந்தது. பார்த்தவர்களில் கோபப்பட்டவர்கள் டிவியைப் பார்த்துத் திட்டிவிட்டு நகரவில்லை. அவர் பக்கத்துக்கே போய் எழுதினார்கள். செத்துப் போ என்றெல்லாம் எழுதினார்கள். 2020 மே 23 அன்று ஹனா உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 22. சில நாட்களில் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். எடிட்டிங் மேஜையில் வெட்டி ஒட்டிய காட்சிகளுக்கு ஒரு நிஜப் பெண் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வசவு விழுந்தது காட்சியைத் தயாரித்தவர்கள் மீது அல்ல, அவர் மீது.

பிறகு வழக்கு வந்தது. அவரை இழிவுபடுத்தி எழுதிய ஒருவருக்கு 2021-ல் விதித்த அபராதம் 9,000 யென். அவமதிப்புக் குற்றத்துக்கு அன்றைய சட்டத்தில் 30 நாளுக்கும் குறைவான காவல் அல்லது 10,000 யென்னுக்கும் குறைவான அபராதம்தான். மகளைப் பறிகொடுத்த தாய் கியோகோ கிமுரா, இவரும் முன்னாள் மல்யுத்த வீராங்கனை, விடாமல் போராடினார். 2022 ஜூலையில் சட்டம் மாறியது: ஓராண்டு வரை சிறை, மூன்று லட்சம் யென் வரை அபராதம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். “இதெல்லாம் இணையம் வந்ததால் வந்த வினை, அந்தக் காலத்தில் மனிதர்கள் நல்லவர்களாக இருந்தார்கள்.” இல்லை. 1992 அக்டோபர் 3 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சி நேரலையில் ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ'கானர், போப் இரண்டாம் ஜான் பாலின் படத்தைக் கிழித்தார். திருச்சபைக்குள் குழந்தைகள் மீது நடந்த கொடுமைகளுக்கு எதிரான குரல் அது. இரண்டு வாரம் கழித்து நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் மேடையேறியபோது அரங்கில் பெருங்கூச்சல் எழுந்தது. ஒத்திகை பார்த்திருந்த பாட்டைப் பாட முடியவில்லை. இசைக்குழுவை நிறுத்திவிட்டு வெறும் குரலில் வேறு பாட்டைக் கத்திப் பாடிவிட்டு இறங்கினார். பல ஆண்டுகள் கழித்து, 2009-ல், அயர்லாந்து அரசின் விசாரணை அறிக்கைகளே அவர் சொன்ன கொடுமைகளைப் பக்கம் பக்கமாகப் பதிவு செய்தன. 2023-ல் அவர் இறந்தபோது உலகமே அஞ்சலி எழுதியது.

ஆகவே கூட்டத்தின் குணம் பழையதுதான். ஆனால் அன்றைக்குக் கத்துவதற்கு டிக்கெட் வாங்க வேண்டும், அரங்கத்துக்குப் போக வேண்டும், பக்கத்து சீட்டுக்காரர் நம் முகத்தைப் பார்ப்பார். நிகழ்ச்சி முடிந்தால் சத்தமும் முடிந்தது. இன்றைக்கு எந்தச் செலவும் இல்லை, முகமும் தெரியாது. எழுதியது ராத்திரி மூன்று மணிக்கும் அங்கேயே இருக்கிறது, எழுதியவர் நிம்மதியாகத் தூங்கிய பிறகும்.

இன்னொரு கொடுமை, கோபம் முகவரி தவறிப் போவது. 2017-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் கதை பல ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. சரி, பிடிக்காமல் போகலாம். ஆனால் அதில் ரோஸ் என்ற பாத்திரத்தில் நடித்த கெல்லி மேரி ட்ரானின் இன்ஸ்டாகிராமில் போய் அவர் இனத்தையும் உருவத்தையும் கேவலப்படுத்தினார்கள். அவர் 2018-ல் தன் பதிவுகள் அத்தனையையும் அழித்துவிட்டார். கதையை அவரா எழுதினார்?

ஆதாரம் காட்டினால் கூட்டம் அடங்கிவிடும் என்பதும் வெறும் நம்பிக்கைதான். கொரிய ராப் பாடகர் டாப்லோ அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2010-ல் அந்தப் பட்டமே பொய் என்று ஒரு குழு கிளம்பியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள். அவர் சான்றிதழைக் காட்டினார், போலி என்றார்கள். பல்கலைக்கழகமே உறுதி செய்தது, அது வேறு யாரோ என்றார்கள். தொலைக்காட்சிக் குழு அவரோடு ஸ்டான்ஃபோர்டுக்கே போய்ப் படமெடுத்து வந்தது, அப்போதும் விடவில்லை. கடைசியில் போலீஸ் விசாரித்து, பட்டம் உண்மை என்று அறிவித்தது. அவதூறு பரப்பிய சிலருக்குத் தண்டனையும் கிடைத்தது. அந்தக் குழுவில் இருந்த பெரும்பாலானவர்கள் கொடியவர்களாக இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. துப்பறிகிற சுகம், கூட நிற்க ஆட்கள், நியாயத்துக்காகப் போராடுகிறோம் என்ற நினைப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் போதும், எந்த ஆதாரமும் செல்லாது.

இதில் சமூக ஊடக நிறுவனங்களின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 2021-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ட்வீட்களைப் பார்த்து ஒன்றைச் சொன்னார்கள்: ஆவேசமாக எழுதி லைக்கும் ஷேரும் வாங்கியவர்கள், அடுத்தடுத்து இன்னும் ஆவேசமாக எழுதுகிறார்கள். பழக்கிவிடுகிறது அது. ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்புக்கும் அவருடைய முன்னாள் மனைவி ஆம்பர் ஹெர்டுக்கும் இடையிலான அவதூறு வழக்கு 2022-ல் வர்ஜீனியாவில் நேரலையாக ஓடியபோது இதன் உச்சத்தைப் பார்த்தோம். ஒரு பெண் நீதிமன்றத்தில் அழுதுகொண்டே தான் அடிபட்டதாகச் சொல்கிறார். அந்தக் குரலுக்கு வாயசைத்து நடித்துக் காட்டி வீடியோ போட்டார்கள். ஜூரி தீர்ப்பு பெரும்பாலும் டெப் பக்கம் வந்தது, அது வேறு விஷயம். யார் பக்கம் நியாயம் இருந்தாலும் அந்த வீடியோக்கள் அசிங்கம். தீர்ப்பு வருவதற்கு முன்பே அவற்றுக்குப் பார்வைகள் குவிந்தன.

நிறுவனம் நினைத்தால் நிறுத்த முடியும் என்பதற்குக் கொரியாவே சாட்சி. 2019 அக்டோபரில் பாடகி சுல்லி இறந்தார். நெடுங்காலம் இணைய வசவுகளுக்கு ஆளானவர். அந்த மாதக் கடைசியிலேயே டவும் என்ற பெரிய இணையதளம், பொழுதுபோக்குச் செய்திகளுக்குக் கீழே கமெண்ட் போடும் வசதியையே எடுத்துவிட்டது. 2020 மார்ச்சில் நேவர் என்ற இன்னொரு பெரிய தளமும் எடுத்தது. செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன, யார் வாயையும் யாரும் கட்டவில்லை. ஒரு பெட்டியை மூடினார்கள், அவ்வளவுதான். மற்ற பெரிய தளங்களுக்கு இது தெரியாத வித்தை இல்லை. மூட மனம் வரவில்லை, ஏனென்றால் நம் சண்டைதான் அவர்கள் வருமானம்.

“அப்படியானால் 2017-ல் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வெயின்ஸ்டீனின் பாலியல் கொடுமைகளுக்கு எதிராகப் பெண்கள் ஒன்றாகப் பேசியதும் தப்பா?” என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. அங்கே பேசியவர்கள் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். பெயரைச் சொல்லி, பத்திரிகையாளர்கள் சரிபார்க்க முன்வந்து, வழக்கைச் சந்தித்துச் சொன்னார்கள். அதிகாரத்தில் இருந்தவனை நோக்கிச் சொன்னார்கள். டிவியில் தொப்பியைத் தட்டிவிட்ட பெண்ணைச் சாகச் சொல்வதையும் இதையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது. வைத்தால் நஷ்டம் பாதிக்கப்பட்டுப் பேசும் பெண்களுக்குத்தான்.

“கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறார்கள், இதைக்கூடத் தாங்க மாட்டார்களா” என்ற வாதத்தை நான் ஏற்கவே மாட்டேன். சம்பளம் நடிப்புக்கு, பாட்டுக்கு. அம்மாவை இழுத்துத் திட்டு வாங்குவதற்கு யாருக்கும் சம்பளம் கிடையாது. அதிலும் ரியாலிட்டி நிகழ்ச்சிக்கு வரும் புதுமுகங்களுக்குக் கோடியும் இல்லை, பதில் சொல்ல ஆளும் இல்லை.

படம் மோசம் என்றால் மோசம் என்று எழுதுங்கள். பேசியது தப்பு என்றால் எது தப்பு, ஏன் தப்பு என்று உங்கள் பக்கத்தில் எழுதுங்கள், நானும் வந்து சண்டை போடுகிறேன். இந்தப் பதிவுக்குக் கீழேயும் யாரையும் விமர்சிக்கலாம், பெயரைச் சொல்லியே விமர்சிக்கலாம். ஆனால் சம்பந்தப்பட்டவரை டேக் செய்து வரும் வசவுக் கமெண்ட்களை நீக்கிவிடுவேன். வருத்தப்பட வேண்டாம்.