பதினொரு மாத ஒப்பந்தம் போதாது
"வீட்டு வாடகை ஒப்பந்தத்தை 11 மாதத்துக்கு எழுதிவிட்டால் பதிவே தேவையில்லை" என்று பலர் சொல்வது பழைய கணக்கு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துக்கொண்டால், அட்வான்ஸ் தகராறு வரும்போது கை கொடுக்காது. அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகைதான் வரம்பு. ஆனால் அதற்கு மேல் தருவதாக ஒப்பந்தத்திலேயே ஒத்துக்கொண்டால் அந்த வரம்பு செல்லாது. அதனால் அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். "காலி செய்யும்போது பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்" என்ற வரி இருந்தால் அப்போதே பேசி முடியுங்கள். குடி போகும்போது வீட்டின் நிலையை "வீடியோ எடுத்தால் போதும்" என்றும் சிலர் சொல்வார்கள். எதை எடுப்பது என்பதுதான் முக்கியம். சாமான் இறக்குவதற்கு முன், சிங்க் அடியில் கதவைத் திறந்து பிளைவுட் ஊறி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். குளியலறைக் கதவின் கீழ் விளிம்பையும் பாருங்கள். பின்னால் ஓனர் இந்த இரண்டையும் காட்டிக் காசு பிடிக்கலாம். ஈபி மீட்டரின் ரீடிங்கை எண் தெரியப் படமெடுத்து அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப் செய்துவிடுங்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், முன்பு இருந்தவர் ஓட்டிய யூனிட்டும் உங்கள் தலையில் விழும். மொத்த யூனிட் கூடினால் ஸ்லாப்பும் (யூனிட் கட்டணப் படி) ஏறும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். சாவி கொடுத்த தேதியையும் எழுத்தில் வாங்குங்கள்.