சின்னக் கப்பலாம், கூட்டமே இருக்காதாம்!

உல்லாசக் கப்பல் பயணத்துக்கு இப்படித்தான் விளம்பரம். கப்பல் சின்னதுதான். அதற்காக கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவை நமக்கு மட்டும் திறந்து வைத்திருப்பார்களா? எரிமலை வெடித்து உண்டான அந்தக் குடாவில், பக்கத்திலேயே ஆயிரக்கணக்கானோரைச் சுமந்த ராட்சசக் கப்பல்கள். பழைய துறைமுகத்திலிருந்து மேலே ஃபிரா ஊருக்குப் போக கேபிள் கார் என்றால், வரிசை வால் எங்கே என்றே தெரியவில்லை. நடந்தால் ஏறக்குறைய 600 படி, அதுவும் கழுதை விட்டையை மிதித்தபடி. கழுதை மேலேயே போகலாமாம். அந்த வெயிலில் அதைப் பார்த்தாலே பாவமாக இருக்கிறது, நம்மை வேறு சுமக்க வேண்டுமா?

சரி, ஏறியாச்சு. வெண்கலக் காலத்து அக்ரோத்திரி இடிபாடுகள் தென்கோடியில், அஸ்தமனக் காட்சிக்குப் பேர்போன ஓயா ஊர் வடகோடியில். கையில் இருப்பதோ அரை நாள். "ஐந்து மணிக்குள் திரும்பிவிடுங்கள்" என்று கறார் உத்தரவு வேறு. கோடையில் அங்கே சூரியன் மறைவதே எட்டு மணிக்கு மேல்! அப்புறம் எதற்கு விளம்பரம் முழுக்க ஓயா அஸ்தமனம்?

கப்பலுக்குத் திரும்பியதும் ஊழியர்கள் சிரித்த முகத்தோடு கேட்கிறார்கள், "தீவை நன்றாக ரசித்தீர்களா?" எதை? வரிசையில் முன்னால் நின்றவரின் தொப்பியையா?